ஒன்பது டிகிரி

"கண்ணை மூடிக்கொள்" என்கிறான் ஐவின்.
மேசை விளிம்பில் தொங்கும் என் வலது காலை
மெல்லத் தூக்கி ஓரிடத்தில் நிறுத்துகிறான்.
ஐந்து எண்ணும்வரை.
கீழே விட்டுவிட்டு,
"இப்போது நீயே கொண்டுபோய் அங்கே வை."

எங்கே?
இருட்டு வீட்டில் சாவி தேடுவதுபோல
தொடைக்குக் கீழே துழாவுகிறேன்.
இங்கேதான், சந்தேகமே இல்லை, இங்கே.
கோணமானியைப் பார்த்து
"ஒன்பது" என்கிறான்.
நான் சத்தியம் செய்த இடத்திலிருந்து
ஒன்பது டிகிரி தள்ளி இருக்கிறது என் கால்.

ஜன்னலுக்கு வெளியே பூடோ துறைமுகம்.
டிசம்பர். பதினொரு மணிக்கு வானம்
ஒருமுறை நீலமாகிப் பார்த்து
வேண்டாமென்று திரும்பிவிடும்.

ஏப்ரலில், வியாழன் இரவு ஆட்டம்.
யாரும் என்னைத் தொடவில்லை,
அதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கம்.
பந்தோடு ஓடி
வலப்பக்கம் போவதாகப் பொய் காட்டி
இடப்பக்கம் திரும்பினேன்.
எதிரணிப் பெண் ஏமாறவில்லை.
என் முழங்கால் ஏமாந்தது.
பாதம் தரையிலேயே ஒட்டிக்கொள்ள
மேலுடம்பு மட்டும் புறப்பட்டுப் போனது.
பட்டென்று ஒரு சத்தம்.
யாரோ தண்ணீர் பாட்டிலை மிதித்துவிட்டதாக
நினைத்தேன்.

அறுந்த ஜவ்வின் இடத்தில்
பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து
மடித்துக் கட்டியிருக்கிறார்கள்.
படகில் கயிறு கட்டிப் பிழைப்பவள் நான்;
ஸ்கேனில் பார்த்தேன், நல்ல கட்டு.
ஆனால் பழைய ஜவ்வு வெறும் கயிறில்லை,
சேதி சொல்லிக்கொண்டிருந்தது என்கிறான் ஐவின்.
மடங்குகிறேன், நீள்கிறேன், இதோ சாய்கிறேன் என்று
முப்பத்தாறு வருடம் ஓயாமல் சொல்லியிருக்கிறது.
ஒருநாளும் நான் காதில் வாங்கியதில்லை.
புதியது
இன்னும் வாய் திறக்கவில்லை.

ஸ்பாஞ்சின் மேல் நிற்கிறேன்.
பல் துலக்கும்போது நிற்கிறேன்.
உருளைக்கிழங்கு வேகும்வரை அடுப்பருகே நிற்கிறேன்.
ஹில்டுர் பிடிவாதக்காரி,
எதற்கெடுத்தாலும் ஒற்றைக்காலில் நிற்பாள் என்று
ஊரில் எனக்குப் பெயர்.
கண்ணை மூடினால்
பதினொரு நொடிக்கு மேல் நிற்க முடியவில்லை.

"நல்ல காலையும் பார்த்துவிடலாமா?"
சிரித்துக்கொண்டே இடது காலைக் கொடுத்தேன்.
தூக்கினான், விட்டான், வைத்தேன்.
"ஆறு."
அடிபடாத கால் அது, ஐவின்.
"ஆமாம். ஒன்று மறந்தால்
மற்றதும் கொஞ்சம் மறக்கும்" என்று
பென்சிலால் குறித்துக்கொண்டான்.
எட்டு மாதமாக
அதன்மேல்தான் என் முழு எடையும்,
படிக்கட்டும் பனிக்கட்டியும்.
என் பக்கம் பேச நான் அழைத்து வந்த ஒரே ஆள்
பிறழ்சாட்சி.

பிப்ரவரியில் படகு வேலைக்குத் திரும்பினேன்.
கார்த்தளத்தில் லாரிகளுக்குச் சங்கிலி மாட்டுவது.
துறைமுகம் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும்,
குனிந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மேற்கிலிருந்து ஓர் அலை.
தளம் சாய்ந்தது, நிமிர்ந்தது.
லாரிக்குள் மீன்பெட்டிகள் இடம் மாறிக்கொண்டன.
சங்கிலி என் கையில் அப்படியே இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது.
வலது முழங்கால்
எனக்கு முன்பே அலையை வாங்கி, மடங்கி,
எனக்குச் சொல்லாமலே
நிமிர்ந்துவிட்டிருக்கிறது.

காபி ஊற்றிக்கொண்டிருந்த யோருனிடம் ஓடி
நான் விழவில்லை என்றேன்.
"யாரும்தான் விழவில்லை" என்றாள்.

கரை இறங்கி வீடுவரை
ஒவ்வொரு அடியையும் கவனித்தேன்.
கவனித்து, மெச்சி,
இன்னும் கொஞ்சம் கவனித்து
சொந்த வாசல் படியில் இடறிக்
கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை "நான்கு" என்றான் ஐவின்.
கண்ணைத் திறக்காமல்
"இடது?" என்று கேட்டேன்.